நாடிழந்தவர் எழுதிய சட்டம்

‘வந்தாரை வாழவைக்கும் நாடு’ என்று நம் நாட்டைப் பற்றி மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கும்போது நெஞ்சு நிமிர்கிறது, கேட்போர் கைதட்டுகின்றனர். வந்தவர் யார்? அவரை வாழவைத்தவர் யார்? வாழ்ந்தவர் நம்மைப் பார்த்து எதைக் கற்றுக்கொண்டனர்? இம்மூன்று கேள்விகளையும் எழுப்பிப் பாருங்கள், கைதட்டல் அடங்கிவிடும். பெருமையை ஒப்புவிப்பது எளிது. அதனைச் சான்றின்மேல் நிறுத்திச் சோதிப்பதே பகுத்தறிவாளன் கடன்.

அந்தச் சோதனைக்கு நம் சென்னையே போதும். ஆர்மீனியரும் யூதரும் இங்கு வாழ்ந்தனர், வணிகம் செய்தனர், மறைந்தனர். இருசாராரும் தாய்நிலத்தை இழந்து உலகெங்கும் சிதறிய மக்கள். யூதர் சென்னையில் விட்டுச்சென்றவை சில கல்லறைகள். ஆர்மீனியர் விட்டுச்சென்றவை ஒரு கோயில், ஒரு தெருவின் பெயர், ஒரு பாலத்தின் நினைவு. இவையனைத்தினும் மேலாக ஒரு நூல். அந்நூலை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன், அது பிறந்த மண்ணை அறிந்துகொள்ள வேண்டும்.

பாலமும் படியும்

சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கும் பாலத்துக்கு இன்று மறைமலை அடிகள் பெயர். தனித்தமிழ் தந்த தகைசால் பெயர்! அதற்கு முன்னர் அதனை ‘மர்மலாங் பாலம்’ என்றனர். மாம்பலம் என்னும் ஊர்ப்பெயர் வெள்ளையர் நாவில் சிக்கி அடைந்த கோலம் அது. தியாகராயர் பெயர் தாங்கிய நகர் அங்கே எழுவதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பு, 1726-இல், அந்த ஆற்றின்மேல் தம் சொந்தப் பொருளால் பாலம் சமைத்தவர் கோஜா பெத்ரோஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். மணிலாவோடு கப்பல் வாணிகம் நடத்திச் செல்வம் ஈட்டியவர். பாலத்துக்கு 30,000 வராகன் செலவிட்டார். அது பழுதுபடாமல் காக்க 1,500 வராகன் தனியே வைத்தார். அவர் கட்டிய பாலம் மறைந்து, 1960-களில் புதியது எழுந்தது. அவர் நாட்டிய கல்வெட்டு மட்டும் பாலத்தருகே எஞ்சியிருக்கிறது: ஆர்மீனியம், பாரசீகம், இலத்தீன் என மும்மொழிகளில். அந்தப் பாலத்தில் நாளும் நடந்த தமிழனுக்கு ஒரு வரியும் அதில் இல்லை.

பரங்கிமலைக்குப் படி அமைத்தவரும் அவரே. தோமா என்னும் திருத்தொண்டர் அம்மலையில் கொல்லப்பட்டார் என்பது நம்பிக்கை. 1517-இல் போர்ச்சுகீசியரை மயிலாப்பூருக்கு அழைத்துச் சென்று, ‘இதுவே தோமாவின் கல்லறை’ என்று காட்டியவர்களும் ஆர்மீனிய வணிகரே என்று போர்ச்சுகீசியர் குறிப்பு கூறுகிறது. காட்டியவர் நம்பினர், கண்டவர் நம்பினர், நம்பிக்கைக்கு மேல் சான்று கேட்பவனுக்கு அது போதாது. ஆயினும் உஸ்கானின் இரு கொடைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். படி, பக்தன் ஏறுவதற்கு. பாலமோ, பக்தனும் ஏறலாம், பக்தியற்றவனும் ஏறலாம்; மாட்டு வண்டியும் போகலாம், மகப்பேற்றுக்குத் துடிக்கும் தாயைச் சுமந்த வண்டியும் போகலாம். அறம் என்பதற்கு இலக்கணம் கேட்பவர்க்கு அந்தப் பாலத்தைச் சுட்டினால் போதும்.

வாழவைத்தவர் யார்?

இவர்களை வாழவைத்தவர் நாமா? இல்லை, கிழக்கிந்தியக் கும்பினியார். அதுவும் அன்பால் அன்று, கணக்கால்.

1688-இல் இலண்டனில் கும்பினிக்கும் ஆர்மீனிய வணிகருக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. கும்பினி ஊர்களில் நாற்பது ஆர்மீனியர் கூடி வாழும் இடத்தில் அவர்க்குக் கோயில் கட்டித் தரப்படும். குருவுக்கு ஏழாண்டுகள், ஆண்டுக்கு ஐம்பது பவுன் அளிக்கப்படும் என்றது அது. அதே 1688-இல் சென்னை நகராண்மைக் கழகம் தொடங்கிற்று. அதன் ஆல்டர்மென் பன்னிருவருள் மூவர் யூத வணிகர்! இலண்டன் நாடாளுமன்றத்தில் ஒரு யூதர் தம் சமய முறைப்படி உறுதிமொழி கூறி அமர்வதற்கு 1858 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தலைநகரில் கிட்டாத சமத்துவம் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே சென்னைக் கடற்கரையில் எப்படிக் கிட்டிற்று?

விடை, கோல்கொண்டாவில் இருந்தது. வைரம்! அதன் தரமும் விலையும் அறிந்தவர் போர்ச்சுகலிலிருந்து சமயக் கொடுமைக்குத் தப்பி வெளியேறிய யூதர். மத்தியதரைக் கடற்பவளத்தைக் கொண்டுவந்தனர்; வைரத்தைக் கொண்டுசென்றனர். பவளக்காரத் தெரு என்னும் பெயர் அந்நாளைய பவள வாணிகத்தை இன்னும் நினைவூட்டுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரேசில் நாட்டில் வைரம் அகப்பட்டது; கோல்கொண்டாவின் ஒளி குன்றிற்று. வணிகம் போயிற்று, வணிகரும் போயினர். தங்கசாலைத் தெருப் பக்கம் இருந்த அவர்தம் கல்லறைகள்கூட ஓரிடத்தில் நிலைக்கவில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, 1983-இல் லாயிட்ஸ் சாலைக்கு, இன்றைய அவ்வை சண்முகம் சாலைக்கு வந்து சேர்ந்தன. உயிரோடு அலைந்த மக்களின் கல்லறைக் கற்களும் அலைந்தன!

ஆர்மீனியர் கதை இதனின் வேறன்று. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது, உஸ்கான் அவர்கள் பக்கம் சேர மறுத்தார், சொத்தை இழந்தார். 1749-இல் ஆங்கிலேயர் கைக்கு நகர் மீண்டது. மீண்டதும் ஆங்கிலேயர் செய்த செயல் என்ன? கத்தோலிக்கரோடு ஆர்மீனியரையும் வெள்ளையர் நகரைவிட்டு வெளியேறச் சொன்னது! உஸ்கான் ஒருவர்க்கு மட்டும் விலக்கு. விசுவாசத்துக்கு விலை அவ்வளவுதான்.

ஆள்வோன் கருணையால் வாழ்பவன், ஆள்வோன் முகம் சுளித்தால் வீழ்வான். இந்த உண்மையை ஆர்மீனியருள் சிலர் கண்டுகொண்டனர். கருணை வேண்டாம், சட்டம் வேண்டும் என்றனர். அந்தச் சிந்தனை, கறுப்பர் நகரத் தெருவொன்றின் அச்சகத்தில் எழுத்தாயிற்று.

எரிக்கச் சொன்ன ஏடு

ஷாஹாமிர் ஷாஹாமிரியான் (1723–1797) பாரசீகத்தின் புது ஜுல்பாவைச் சார்ந்தவர். 1604–05-இல் பாரசீக மன்னன் ஷா அப்பாஸ் ஆர்மீனியரின் பழைய ஜுல்பாவைக் காலிசெய்து, மக்களை மந்தைபோல் ஓட்டிச்சென்று இஸ்பஹான் அருகே குடியேற்றினான். அங்கும் பின்னர்க் கொடுமை மிகவே, பலர் இந்தியா வந்தனர். அவ்வழி வந்தவர் ஷாஹாமிரியான். சென்னையில் பெருஞ்செல்வர் ஆனார். செல்வர் பலர் செய்வதுபோல் அவர் செல்வத்தைப் புதைத்து வைக்கவில்லை, அச்சகம் வைத்தார்.

1772-இல் அவ்வச்சகத்திலிருந்து ‘ஹோர்தொராக்’, அதாவது ‘அறிவுரை’ என்று பொருள்படும் நூல் வெளிவந்தது. எழுதியவர் ஷாஹாமிரியானின் துணைவரான மொவ்சேஸ் பாக்ராமியான் என்பர். ‘நம் நாடு ஏன் வீழ்ந்தது?’ என்று கேட்கிறது அந்நூல். அக்கேள்விக்கு உலகெங்கும் குருமார் வைத்திருக்கும் ஒரே விடை, ‘பாவத்தின் சம்பளம், ஆண்டவன் தண்டனை’ என்பது. இந்நூலோ வேறு விடை கூறிற்று: அறியாமை, சோம்பல், ஒற்றுமையின்மை, சட்டத்துக்குக் கட்டுப்படாத மன்னர்களின் தன்னிச்சை ஆட்சி! விழித்தெழுமாறு இளைஞரை அழைத்தது.

விளைவு என்ன? எச்மியாட்சினில் வீற்றிருந்த ஆர்மீனியத் தலைமைக் குரு எரெவான் சிமியோன் சீறினார். நூலை எரிக்கச் சொன்னார். அச்சகத்தை மூடச் சொன்னார். அவர் அச்சுக்கலையை அறியாத பழம்பஞ்சாங்கமும் அல்லர். 1771-இல் தாமே ஓர் அச்சகம் நிறுவியவர். பொறியை ஏற்றார், சிந்தனையை மறுத்தார்! ‘தலையெழுத்து’ என்பதைத் தள்ளிக் ‘காரணம்’ தேடுகிறவன்மீது மடமும் பீடமும் பாய்வது எந்த நாட்டிலும் ஒன்றுபோலவே இருக்கிறது.

அந்நாளில் சென்னையில் வேறோர் அச்சகமும் இருந்தது. வேப்பேரியில் கிறித்தவச் சமயத் தொண்டர் நடத்தியது. அதில் தமிழ் அச்சாயிற்று. ஆனால் அச்சானவை பெரும்பாலும் வேத நூலும் செபநூலும். திருக்குறள் அச்சேறுவதற்கு 1812 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாடற்ற மக்கள் சிலர், நாடு எப்படி ஆளப்பட வேண்டும் என்று சென்னையில் அச்சடித்துக்கொண்டிருந்தபோது, நாடுடைய நம் மக்களின் குறள் ஓலையில் கிடந்தது.

ஆட்சியாளர்க்கு ஒரு வலை

ஷாஹாமிரியானின் பெருநூல், தம் மகன் யாக்கோபின் பெயரில் வெளியிட்ட ‘வொரொகாய்த் பராத்ஸ்’. ‘புகழின் கண்ணி’ எனலாம்; இங்கே கண்ணி என்பது பூங்கண்ணி அன்று, பறவையைச் சிக்கவைக்கும் வலை. புகழ்வெறி கொண்டு திரியும் ஆட்சியாளரைச் சட்டம் என்னும் வலையில் கட்டுவதே நோக்கம் என்று பெயருக்குப் பொருள் கொள்ளலாம்.

முதற்பகுதி, மாந்தன் இயல்பையும் உரிமையையும் ஆய்கிறது. இரண்டாம் பகுதி, விடுதலை பெறப்போகும் ஆர்மீனியாவுக்கு 521 விதிகள் கொண்ட அரசியல் சட்டம். பரம்பரை மன்னன் இல்லை. மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம் உண்டு. நாட்டுத் தலைமை அம்மன்றத்திலிருந்து குறித்த காலத்துக்கு மட்டும் வரும். தலைவனும் சட்டத்துக்கு அடங்கியவன். ஆணுக்கும் பெண்ணுக்கும் கட்டாயக் கல்வி!

இவற்றினும் என்னை நிறுத்திச் சிந்திக்க வைப்பது மூன்றாம் விதி. அதன் கருத்து இது: ஆர்மீனியராயினும் வேற்றினத்தாராயினும், அங்கே பிறந்தவராயினும் அயல்நாட்டிலிருந்து வந்தவராயினும், ஆணாயினும் பெண்ணாயினும் எல்லோரும் சமம், எத்தொழிலும் செய்ய உரிமை உண்டு, எவரும் எவரையும் அடக்கியாள உரிமை இல்லை, உழைப்புக்குரிய ஊதியம் சட்டப்படி தரப்பட வேண்டும்.

அயலான் ஒருவன், அயல்நாட்டில் உட்கார்ந்து, தன் நாட்டுக்கு வரப்போகும் அயலானுக்கு உரிமை எழுதுகிறான்! நாடு மீளுமா என்பதே தெரியாத நாளில், மீண்ட நாட்டில் வந்தேறி எப்படி நடத்தப்பட வேண்டும் என்று நினைக்கிறான். துன்பம் சிலரைக் கல்லாக்கும். ‘என்னை உதைத்தார்கள், நாளை நான் உதைப்பேன்’ என்று கறுவ வைக்கும். இவரையோ அது கனிய வைத்தது.

பாராட்டியது போதும், குறையையும் கூறுவோம். திறனாய்வு துதிபாடல் ஆகாது.

முதலாவது, காலம். தலைப்பேட்டில் 1773 என்று இருக்கிறது. அதை வைத்து, அமெரிக்க விடுதலைப் பிரகடனத்துக்கும் முந்திய நூல் என்று மார்தட்டுவோர் உண்டு. அச்சு வேலை முடிந்தது 1780-களின் பிற்பகுதியில் என்பது ஆராய்ந்தோர் கருத்து. முந்திப் பிறந்ததால் ஒரு நூல் உயர்வதும் இல்லை. பிந்தியதால் தாழ்வதும் இல்லை. ‘நாங்களே முதல்’ என்னும் நோய் நம்மையும் பிடித்ததுதான்; அதனை அயலார் நூலுக்கும் ஏற்றிவிட வேண்டா.

இரண்டாவது, சமயம். எல்லோரும் சமம் என்று தொடங்கிய கை, ஆட்சிப் பொறுப்புகளுக்கு வந்ததும் நடுங்கிவிடுகிறது. ஆர்மீனியத் திருச்சபைக்கு முதலிடம். உயர் பதவி அதனைச் சார்ந்தவர்க்கு! குருவின் சீற்றத்துக்கு ஆளான கூட்டமே குருபீடத்தை நாட்டின் நடுவில் வைக்கிறது. சிதறிய மக்களைச் சேர்த்துக் கட்டிய கயிறு திருச்சபைதான் என்று காரணம் கூறலாம். காரணம் விளங்குகிறது; குறை மறையவில்லை. சமத்துவத்துக்குக் கோயில் வாயிலில் காவல் போட்டால், அது பாதிச் சமத்துவமே.

மூன்றாவது, மொழி. நூல் ஆர்மீனியத்தில் எழுந்தது, ஆர்மீனியர்க்காக எழுந்தது. அது குற்றமன்று. 1794-இல் ஹருத்யூன் ஷ்மாவோனியான் என்னும் குரு, உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ ஏட்டைச் சென்னையில் தொடங்கி 1796 வரை நடத்தினார். அதுவும் அப்படியே. இருநூறு அடி தொலைவில் நின்ற தமிழனுக்கு அந்த ஒளியின் ஒரு கீற்றும் எட்டவில்லை. அவர்கள் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. நாம் செய்தது ஒன்றுண்டு. ஆர்மீனியன் தெருவை ‘அரண்மனைக்காரன் தெரு’ ஆக்கினோம்! வீடிழந்து வந்தவனை அரண்மனைக்காரன் ஆக்கிய நம் நாக்கின் வள்ளன்மை இருக்கட்டும். அவன் எண்ணியது என்ன என்று கேட்கும் காது நமக்கு இல்லாமற் போயிற்றே!

நம்மிடம் கற்றது

‘வந்தவர் நம்மிடம் கற்றது என்ன?’ என்ற கேள்விக்கு விடை கொச்சியில் இருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவி, சோசப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவர்க்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகச் சிறப்புரிமையை வட்டெழுத்துச் செப்பேட்டில் அளித்தான். யூதரை நாட்டு மக்கள் துன்புறுத்தாத அரிய இடங்களுள் ஒன்று மலைநாட்டுக் கடற்கரை. இதில் நாம் பெருமைப்படலாம்.

அதே இடத்தில் நாணமும் அடைய வேண்டும். 1568-இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர் மற்றவரோடு சமமாக உட்கார முடியாது. வேதம் படிக்க முடியாது. ஒரே இடுகாட்டில் புதைக்கப்படவும் முடியாது! யூத வேதம் கற்பித்த வேற்றுமையா அது? அண்டை வீட்டைப் பார்த்துக் கற்றதில் பெரும்பங்கு இல்லையா? சட்டம் பயின்ற ஏ. பி. சேலம் (1882–1967), அந்த இழிவை எதிர்த்துத் தொழுகைக்கூடத்திலேயே அறப்போர் நடத்தினார். அதே காலப்பகுதியில், 1924–25-இல், வைக்கம் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை சென்றார். தெருவில் ஒரு போர். தொழுகைக்கூடத்தில் ஒரு போர். நோய் ஒன்றே!

விருந்தாளிக்கு நாம் நிலம் தந்தோம். கூடவே சாதியையும் பரிமாறினோம். அவர் இரண்டையும் உண்டார். வந்தாரை வாழவைத்த வரலாற்றில் இந்த ஏட்டைக் கிழித்துவிட்டுப் பேசுவது நேர்மை ஆகாது.

இனி, நாமும் கடல் கடந்து வந்தேறியாய் வாழ்ந்தவர்களே என்பதை எண்ணுங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இரத்தம் சிந்திய மலையகத் தமிழரில் பெரும்பாலோரை 1948-இல் ஒரு சட்டம் நாடற்றவர் ஆக்கிற்று. 1964-இல் இரு நாட்டுத் தலைவர் கூடி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்களை மூட்டைபோல் பங்கிட்டனர். எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு இலங்கைக் குடியுரிமை கிட்ட 2003 ஆயிற்று. ஷாஹாமிரியானின் மூன்றாம் விதி அங்கே இருந்திருந்தால்!

சிங்கப்பூரில் வேறு வழி தெரிந்தது. கோ. சாரங்கபாணி 1935-இல் ‘தமிழ் முரசு’ தொடங்கினார், மொழியைக் காத்தார், அதே மூச்சில், ‘இந்நாட்டுக் குடியுரிமை பெறுங்கள், இந்நாட்டாராய் வாழுங்கள்’ என்றும் தமிழரை வற்புறுத்தினார். மொழியை விடாமல் மண்ணோடு ஒன்றுவது இயலும் என்பதற்கு அது சான்று. அஸ்தராரின் பணியைத் தாண்டிய பணியும் அது.

சரி, அங்கே கேட்ட நீதியை இங்கே வழங்கினோமா? 1983 முதல் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த தமிழர் பல்லாயிரவர் இன்றும் நம் முகாம்களில் இருக்கின்றனர். 2021-இல் முகாமின் பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறிற்று. பெயர் மாற்றம் நன்று. 2019-இல் இந்தியக் குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, அண்டை நாட்டு அகதிகள் எனப் பட்டியலிட்டதில் இலங்கைத் தமிழர்க்கு இடமில்லை. முகாமில் பிறந்து, நம் பள்ளியில் குறள் படித்து, பட்டமும் பெற்ற இளைஞன் எந்த நாட்டான் என்று கேட்டால் விடை இல்லை. அதேபோல், சென்னையின் மாடிகளையும் சுரங்கப் பாதைகளையும் எழுப்ப வடபுலத்திலிருந்து வரும் ஏழைத் தொழிலாளியைப் பாருங்கள். இந்தித் திணிப்பை எதிர்ப்பது நம் உரிமை, நம் கடமை. இந்தி பேசும் கூலியாளை இழித்துப் பேசுவது இரண்டும் அன்று. திணிப்பவன் தில்லியில் இருக்கிறான். செங்கல் சுமப்பவன் நம் தோழன். அவனுக்குரிய ஊதியம் சட்டப்படி கிடைக்கிறதா என்று கேட்பதே மூன்றாம் விதி நமக்கு இடும் வேலை.

ஆர்மீனியா 1918-இல் குடியரசாயிற்று. இடையில் வீழ்ந்து, 1991-இல் மீண்டும் விடுதலை பெற்றது. சென்னையில் கனவு கண்டவர் கண்ணால் காணவில்லை. 1712-இல் தோன்றி 1772-இல் புதுப்பிக்கப்பட்ட ஆர்மீனியக் கோயிலில் தொழுவதற்கு இன்று இந்நகரில் ஆர்மீனியச் சமூகம் இல்லை. 1824-இல் மறைந்த ஷ்மாவோனியானின் கல்லறை அங்கே இருக்கிறது.

இளைஞர்களே! கோயிலைக் காட்டச் சுற்றுலாத் துறை இருக்கிறது. கல்லறையைக் காக்கத் தொல்லியலார் இருக்கின்றனர். நூலைப் படிக்க நீங்கள்தாம் வேண்டும். அந்த 521 விதிகளும் நல்ல தமிழில் நம் மாணவர் கைக்கு வரட்டும்; மன்றந்தோறும் படிக்கப்படட்டும். குறை கண்ட இடத்தில் மறுத்துப் பேசுங்கள். நிறை கண்ட இடத்தில் நம் சட்டத்தோடு ஒப்பிட்டுக் கேள்வி எழுப்புங்கள். அதன்பின் மேடையேறி, ‘வந்தாரை வாழவைக்கும் நாடு’ என்று முழங்குவோம். அன்று முகாமில் இருப்பவனும் நம்மோடு சேர்ந்து கைதட்டுவானானால், அந்த முழக்கம் உண்மை.